வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறப் படுக்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஃப்ளுயன்சா, கோவிட் போன்ற வைரஸ் தொற்று நுரையீரல் முழுக்கப் பரவி, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டர் வைத்த பிறகும் ஆக்சிஜன் போதாத நிலை, ஏஆர்டிஎஸ் என்ற கடும் நுரையீரல் பாதிப்பின் ஒரு வடிவம். அந்த நிலையில் இருப்பவரை மணிக்கணக்கில் குப்புறப் படுக்க வைக்கும் சிகிச்சையைப் பற்றி, ஐசியூவில் வேலை செய்யும் செவிலியர்களும் இளம் மருத்துவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. எந்த நோயாளிக்கு, எப்போது என்ற முடிவு அவரைப் பார்க்கும் தீவிர சிகிச்சை மருத்துவருடையது.

குப்புறப் போட்டால் ஆக்சிஜன் ஏன் ஏறுகிறது?

நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. ஒருவர் மல்லாக்கப் படுத்திருக்கும்போது அந்தப் பகுதி எல்லாவற்றுக்கும் அடியில் மாட்டிக்கொள்கிறது. மேலிருந்து இதயம் அழுத்துகிறது. வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. நீர் கோத்துக் கனத்துப்போன நுரையீரல் தன் எடையாலேயே தன் அடிப்பகுதியை நசுக்குகிறது. முதுகுப் பக்கத்துக் காற்றறைகள் மூடிக்கொள்ள, வென்டிலேட்டர் தரும் காற்று முன்பக்கத்தில் மிச்சமிருக்கும் சிறிய பகுதிக்குள் மட்டும் போகிறது. இரத்தமோ முதுகுப் பக்கத்துக்கே அதிகம் போகிறது. காற்றில்லாத இடத்துக்குப் போன இரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்பி வருகிறது.

புரட்டியதும் இதயம் மார்பெலும்பின் மேல் சாய்ந்துகொள்கிறது. முதுகுப் பக்கத்துக் காற்றறைகள் விடுபட்டுத் திறக்கின்றன. இரத்த ஓட்டம் பெரிதாக இடம் மாறுவதில்லை. அது இன்னும் முதுகுப் பக்கத்துக்கே அதிகம் போகிறது. இப்போது அங்கே காற்றும் இருக்கிறது. சளி வாய்ப்பக்கமாக வடிவதும், பல பேரில் இதயத்தின் வலது பக்கச் சுமை குறைவதும் கூடவே கிடைக்கும் பலன்கள்.

அப்படியானால் ஆக்சிஜன் அளவை ஏற்றத்தான் இதைச் செய்கிறோமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று மனதில் நிற்கும் என்றால் அது இந்தப் பதிலாக இருக்க வேண்டும். மானிட்டரில் எண் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிற பலன். உயிரைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத பலன். காற்று நுரையீரல் முழுக்கச் சமமாகப் பரவும்போது எந்த ஒரு பகுதியும் அளவுக்கு மீறி விரிவதில்லை, மூச்சுக்கு மூச்சு மூடித் திறந்து கிழிவதும் இல்லை. வென்டிலேட்டரே நுரையீரலுக்குச் செய்யும் காயம் குறைகிறது.

2001இல் வெளியான இத்தாலிய ஆய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 7 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஆக்சிஜன் ஏறியது, இறப்பு குறையவில்லை. 2013இல் வெளியான ப்ரோசேவா ஆய்வில் கடுமையான நோயாளிகளை மட்டும் எடுத்து, சீக்கிரமே ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் தொடர்ந்து வைத்தார்கள். மொத்தம் 466 பேர். 28 நாள் இறப்பு மல்லாக்க இருந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புறப் படுக்க வைத்தவர்களில் 16 சதவீதம். அந்த நோயாளிகளைப் பிற்பாடு அலசியபோது, புரட்டியதும் ஆக்சிஜன் ஏறியதா இல்லையா என்பதை வைத்து யார் பிழைப்பார் என்று சொல்ல முடியவில்லை.

யாருக்குச் செய்ய வேண்டும்?

தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுத்தால் வருவது பி/எஃப் விகிதம். 70 சதவீத ஆக்சிஜனில் இருப்பவருக்கு ஏபிஜியில் (தமனி இரத்தப் பரிசோதனையில்) அந்த அழுத்தம் 72 வந்தால், 72 ÷ 0.7 = 103. வென்டிலேட்டரைச் சரியாக அமைத்து, 12 முதல் 24 மணி நேரம் நிலைப்படுத்திய பிறகும் இந்த விகிதம் 150க்குக் கீழே, ஆக்சிஜன் தேவை 60 சதவீதமோ அதற்கு மேலோ, பீப் (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் வென்டிலேட்டர் விட்டுவைக்கும் அழுத்தம்) குறைந்தது 5 என்றால் புரட்ட வேண்டும். ப்ரோசேவா வைத்த அளவுகோல் இதுதான். விகிதம் வேகமாகச் சரிந்துகொண்டிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

சாச்சுரேஷன் 90 இருக்கிறதே, இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா?

அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஐம்பது நாடுகளின் ஐசியூக்களைப் பார்த்து 2016இல் வெளியான லங் சேஃப் ஆய்வில், கடுமையான ஏஆர்டிஎஸ் உள்ளவர்களில் 16.3 சதவீதம் பேரையே குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். 2018இன் ஏப்ரோநெட் ஆய்வில் அது 32.9 சதவீதம். ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு அதிகம் வந்த பதில், ஆக்சிஜன் குறைவு அவ்வளவு மோசமாக இல்லை என்பது.

சாச்சுரேஷன் 90 என்பது எத்தனை சதவீத ஆக்சிஜனில், எவ்வளவு அழுத்தத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள். 80 சதவீத ஆக்சிஜனும் பிளாட்டோ அழுத்தம் (மூச்சை உள்ளே நிறுத்தி அளக்கும் அழுத்தம்) 32உம் கொடுத்து வாங்கிய 90, ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் கைவிட்ட பிறகு ஐந்தாம் நாள் புரட்டினால், அதற்குள் ஆன காயம் திரும்பாது.

யாருக்குச் செய்யக் கூடாது?

நிலையற்ற முதுகெலும்பு முறிவு, மூளைக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பது, நுரையீரலிலிருந்து பெருமளவு இரத்தம் வருவது, திறந்த நிலையில் விடப்பட்ட வயிறு அல்லது மார்பு, கடந்த இரண்டு வாரத்துக்குள் மார்பெலும்பு, மூச்சுக்குழாய் அல்லது முகத்தில் செய்த அறுவை, நிலையற்ற இடுப்பு அல்லது தொடை எலும்பு முறிவு, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கவே முடியாத நிலை. இவற்றில் சில முற்றிலும் தடை, மற்றவற்றை எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும்.

உடல் பருமன் தடையல்ல. கூடுதலாக இரண்டு பேர் வேண்டும், அவ்வளவே. இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து குறைந்த அளவு ஓடுவதும் தடையல்ல. டயாலிசிஸ் நடக்கும்போதும் செய்யலாம், லைன் (இரத்தக் குழாயில் போட்ட டியூப்) மடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கர்ப்பிணிகளை ப்ரோசேவா சேர்க்கவில்லை என்றாலும், வயிற்றில் அழுத்தம் விழாதபடி மார்புக்கும் இடுப்புக்கும் முட்டுக் கொடுத்து, மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து செய்திருக்கிறார்கள்.

எத்தனை பேர் வேண்டும்? என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

குறைந்தது ஐந்து பேர். டியூப் போடத் தெரிந்த ஒருவர் தலைமாட்டில், பக்கத்துக்கு இருவர். தலைமாட்டில் நிற்பவர் சொல்வதே கட்டளை. மூன்று என்று சொல்லும்போதே அசைப்பதா, சொல்லி முடித்த பிறகு அசைப்பதா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். இது அற்பமாகத் தோன்றும். ஒரு பக்கத்து ஆட்கள் அரை நொடி முந்தினால் டியூப் இழுபடும்.

டியூப் மீண்டும் போடும் சாமான்கள், கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், சளி உறிஞ்சும் சக்ஷன், பிரஷர் ஏற்றும் மருந்து ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் வழி உணவை ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தி, வயிற்றில் உள்ளதை உறிஞ்சி எடுங்கள். ஆக்சிஜனை 100 சதவீதம் ஆக்குங்கள். வாயிலும் டியூபுக்குள்ளும் சக்ஷன் செய்யுங்கள். டியூப் பல்லருகே எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். டியூபைப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஹோல்டர் இருந்தால் கழற்றிவிட்டு நாடாவால் கட்டுங்கள். குப்புறப் படுத்தால் அந்தப் பிளாஸ்டிக் உதட்டிலும் கன்னத்திலும் அழுந்திப் புண்ணாக்கும். கண்ணில் களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்டுங்கள். முகம், மார்பு, இடுப்பு எலும்பு, முழங்கால் என அழுந்தும் இடங்களில் புண் வராமல் காக்கும் ஒட்டுப்பஞ்சை முன்பே ஒட்டிவிடுவது நல்லது.

இடுப்புக்கு மேலே உள்ள லைன்களைத் தலைப்பக்கமும், கீழே உள்ள சிறுநீர்க் குழாய் முதலியவற்றைக் கால்பக்கமும் ஒதுக்குங்கள். அவசியமில்லாத லைன்களைத் தற்காலிகமாகக் கழற்றி மூடிவிடலாம். நார்அட்ரினலின் ஓடும் லைனை மட்டும் கழற்றாதீர்கள்; அந்தப் பம்பில் மருந்து தீரும் தறுவாயில் இருந்தால் புரட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

புரட்டுவதைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

நோயாளி மல்லாக்க இருக்கும்போதே மார்பின் மேல் ஒரு தலையணை, இடுப்பின் மேல் ஒன்று, முழங்காலுக்குக் கீழுள்ள கால்பகுதியின் மேல் ஒன்று வையுங்கள். அவற்றின் மேல் ஒரு சுத்தமான விரிப்பைப் போட்டு மூடுங்கள். முகம் மட்டும் வெளியே இருக்கட்டும். மேல் விரிப்பையும் அடி விரிப்பையும் இருபுறமும் ஒன்றாகச் சேர்த்து, உடலோடு ஒட்டி இறுக்கமாகச் சுருட்டுங்கள். நோயாளி ஒரு பொட்டலம் போல ஆகிவிடுவார். சுருட்டல் தளர்ந்திருந்தால் தலையணைகள் நழுவும், புரட்டி முடித்த பிறகு கையை நுழைத்துச் சரிசெய்யப் பெரும்பாடு படுவீர்கள்.

முதல் அசைவு: படுக்கை மட்டத்திலேயே வென்டிலேட்டருக்கு எதிர்ப்பக்க விளிம்புக்கு நகர்த்துங்கள். இங்கே நிறுத்தி லைன்களைப் பாருங்கள். இரண்டாவது அசைவு: முகம் வென்டிலேட்டரைப் பார்க்கும்படி பக்கவாட்டில் 90 பாகைக்குத் திருப்புங்கள். இப்படித் திருப்பினால் வென்டிலேட்டர் டியூப்களில் இழுவிசை விழாது. மறுபடி நிறுத்துங்கள். பக்கவாட்டில் நிற்கும் இந்த நேரத்தில் விரிப்பைப் பிடித்திருக்கும் கைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தார் பிடித்த பிறகே மறுபக்கத்தார் விட வேண்டும். மூன்றாவது அசைவு: மெதுவாகக் குப்புற இறக்குங்கள். ஈசிஜி ஒட்டிகள் முதுகுக்குப் போகட்டும்.

தலைமாட்டில் நிற்பவரின் ஒரு கை டியூபிலும் மறு கை தலையின் அடியிலும் கடைசி வரை இருக்க வேண்டும். அவர் வேறு எதையும் பிடிக்கக் கூடாது.

புரட்டிய உடனே எதைப் பார்ப்பது?

முதலில் மானிட்டரில் கார்பன் டை ஆக்சைடு அலை வருகிறதா என்று பாருங்கள். டியூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு டியூபின் சென்டிமீட்டர் குறி, இரண்டு பக்க மூச்சொலி, டியூபைச் சுற்றியுள்ள காற்றுப்பையான கஃபின் அழுத்தம் 20 முதல் 30க்குள் இருக்கிறதா என்பது. தமனியில் பிரஷர் அளக்கும் ஆர்ட்டீரியல் லைனின் டிரான்ஸ்டியூசரை (சென்சரை) இதய மட்டத்துக்குத் திரும்ப வைத்து பூஜ்யமாக்குங்கள். இதை மறந்துவிட்டு, பொய்யாகக் குறைந்த பிரஷருக்கு மருந்தை ஏற்றுவது அடிக்கடி நடக்கிறது. நிஜமாகவே பிரஷர் இறங்கியிருந்தால் மருந்து லைன் உடலுக்கடியில் மடங்கியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சில நிமிடங்கள் சாச்சுரேஷன் இறங்கிப் பிறகு ஏறுவது சகஜம். பயந்துபோய் உடனே திருப்பிவிடாதீர்கள்.

அடுத்து உடலின் கீழ்ப்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மடிந்த விரிப்பு, சிக்கிய ஈசிஜி வயர், லைனின் மூடி எதுவும் இருக்கக் கூடாது. 16 மணி நேரம் அழுந்தினால் ஒரு சின்ன மூடிகூட ஆழமான புண்ணாகும். மார்பகங்களும் ஆண்குறியும் நசுங்காமல் இருக்கட்டும். நாக்கு பல்லுக்கு வெளியே துருத்தினால் உள்ளே தள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஏபிஜி எடுங்கள்.

திடீரென்று அழுத்தம் ஏறுகிறது, அல்லது மூச்சளவு குறைகிறது. என்ன ஆகியிருக்கும்?

ஒவ்வொரு மூச்சிலும் போகும் காற்றின் கொள்ளளவை நிர்ணயித்த வென்டிலேட்டர் முறையில் உச்ச அழுத்தம் ஏறும். அழுத்தத்தை நிர்ணயித்த முறையில் அழுத்தம் மாறாது, உள்ளே போகும் அளவுதான் சத்தமில்லாமல் குறையும். ஆகவே இரண்டாவது முறையில் இருப்பவருக்குக் குறைந்த கொள்ளளவு அலாரத்தைக் கட்டாயம் பொருத்தமாக வையுங்கள்.

முதல் சில மணி நேரத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம் சளிதான். நாள்கணக்கில் முதுகுப் பக்கம் தேங்கியிருந்த கட்டிச்சளி மொத்தமாக முன்னே வந்து டியூபை அடைக்கிறது. சக்ஷன் கதீட்டர் முழு நீளம் தடையின்றி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அடைப்பு இல்லை, சளியை எடுத்துவிட்டு வேறு காரணங்களைத் தேடுங்கள். பாதியில் நின்றால், டியூப் வாய்க்குள்ளோ கன்னத்துக்கடியிலோ மடங்கியிருக்கலாம், பல் கடித்திருக்கலாம், உள்ளே அடைத்திருக்கலாம். ஈரப்பத ஃபில்டரையும் மறக்காதீர்கள்: வடியும் சளியும் நீரும் அதை நனைத்துவிட்டால் அதுவே அடைப்பாகிறது. மாற்றிப் பாருங்கள். டியூப் கீழிறங்கி வலது நுரையீரலுக்குள் போயிருக்கலாம். மார்புக்குள் காற்று கசிந்திருக்கலாம். சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்டைப் பக்கவாட்டிலிருந்து வைத்துப் பார்க்க முடியும்.

டியூப் அடைத்து எதுவும் பலிக்கவில்லை, அல்லது டியூப் வெளியே வந்துவிட்டது என்றால் மல்லாக்கத் திருப்பி டியூப் மாற்ற வேண்டும். அதற்குரிய ஆட்களை எப்படிக் கூப்பிடுவது என்பதை ஒவ்வொரு ஷிப்டும் தொடக்கத்திலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

16 மணி நேரமும் முகத்தையும் கைகளையும் எப்படிக் காப்பது?

நீச்சலடிப்பவர் ஒரு கையை முன்னே நீட்டுவாரே, அந்த நிலை. ஒரு கை தலைப்பக்கமாக மேலே, முகம் அந்தக் கையைப் பார்த்து, மறு கை உடலோடு ஒட்டிக் கீழே. மேலே இருக்கும் கையின் தோள் 90 பாகைக்கு மேல் விரியக் கூடாது, முழங்கை 90 பாகை மடங்கி இருக்கட்டும். தோள் அதிகம் விரிந்தாலோ பின்னுக்கு இழுபட்டாலோ அக்குளின் நரம்புப் பின்னல் நசுங்கும். நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போன பிறகு கை தூக்க முடியாமல் தவிப்பார். உயிர் பிழைத்தவருக்கு நாம் தேடித் தந்த ஊனமாக அது ஆகிவிடக் கூடாது.

2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தலையையும் கைகளையும் பக்கம் மாற்றுங்கள். இதற்கும் மூன்று பேர் வேண்டும், ஒருவர் டியூபுக்கு மட்டுமே. மாற்றும் ஒவ்வொரு முறையும் நெற்றி, கன்னம், தாடை, காது, மூக்கு நுனி, டியூப் தொடும் உதட்டோரம் ஆகியவற்றைப் பாருங்கள். காது மடிந்திருக்கக் கூடாது. கண்ணின் மேல் எந்த அழுத்தமும் விழக் கூடாது. விழியில் உராய்வுப் புண்ணும், அரிதாகப் பார்வையிழப்பும் வரும். கட்டிலை மடக்காமல் மொத்தமாகத் தலைப்பக்கம் 10 முதல் 30 பாகை உயர்த்தி வைத்தால் முக வீக்கமும் கண் அழுத்தமும் குறையும். கால் விரல்கள் மெத்தையில் குத்தி நிற்காமல் கணுக்காலுக்கடியில் தலையணை வையுங்கள்.

உணவு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ரைல்ஸ் டியூப் இருக்கும் இடத்தை உறுதிசெய்துவிட்டு மெதுவாகத் தொடங்கி, தலைப்பக்கம் உயர்த்தியே வையுங்கள். வயிற்றில் தேங்கினால் குடல் இயக்க மருந்து உதவும். நாலைந்து முறை புரட்ட வேண்டியவரை ஒவ்வொரு முறையும் 16 மணி நேரம் பட்டினி போட்டால் தசை கரைந்துபோகும்.

தசை தளர்த்தும் மருந்து கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆழ்ந்த மயக்கம் வேண்டும். புரட்டும் நேரத்தில் இருமினாலோ வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டினாலோ தசை தளர்த்தியும் கொடுங்கள். ப்ரோசேவாவில் பெரும்பாலோருக்குக் கொடுத்திருந்தார்கள். தசை தளர்த்தி கொடுக்கும்போது மயக்கம் ஆழமாக இருக்கிறதா என்பதில் சமரசம் கூடாது. அசைய முடியாமல் விழித்திருப்பது கொடுமை.

குப்புற இருக்கும்போது வென்டிலேட்டர் அமைப்பு மாறுமா?

அடிப்படை மாறாது. மூச்சளவு, உயரத்திலிருந்து கணக்கிட்ட எடைக்குக் கிலோவுக்கு 6 மி.லி. ஆண்களுக்கு 50 + 0.91 × (உயரம் செ.மீ. − 152.4), பெண்களுக்கு 50க்குப் பதில் 45.5. 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு இந்த எடை சுமார் 48 கிலோ, மூச்சளவு சுமார் 290 மி.லி. அவருடைய உண்மையான எடை 80 கிலோவாக இருந்தாலும் இதே அளவுதான். பருமனான குள்ளமான பெண்களுக்கே இந்தக் கணக்கில் அதிகம் பிசகு நடக்கிறது. பிளாட்டோ அழுத்தம் 30க்குள், பிளாட்டோவிலிருந்து பீப்பைக் கழித்தது 15க்குள். ஆக்சிஜன் மேம்பட்டால் முதலில் ஆக்சிஜன் சதவீதத்தைக் குறையுங்கள். சாச்சுரேஷனை 98க்குத் துரத்த வேண்டாம்.

ஏபிஜியில் முன்னேற்றமே இல்லை. திருப்பிவிடலாமா?

அதற்காக மட்டும் வேண்டாம். சிலருக்குப் பல மணி நேரம் கழித்தே ஏறும், சிலருக்கு இரண்டாம் முறையில் ஏறும். நடுவில் திருப்ப வேண்டியது உண்மையான ஆபத்தில்: டியூப் கழன்றாலோ அடைத்தாலோ, இரத்தம் பெருமளவு வந்தாலோ, 100 சதவீத ஆக்சிஜனிலும் சாச்சுரேஷன் 85க்குக் கீழே 5 நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, மேல் பிரஷர் 60க்குக் கீழே 5 நிமிடத்துக்கு மேல் நின்றாலோ.

எப்போது இந்தச் சிகிச்சையை முடித்துக்கொள்வது?

ஒவ்வொரு முறையும் மல்லாக்கத் திருப்பி 4 மணி நேரம் கழித்து ஏபிஜி பாருங்கள். ஆக்சிஜன் 60 சதவீதத்துக்கு மேற்படாமல், பீப் 10க்கு மேற்படாமல், பி/எஃப் விகிதம் 150 அல்லது அதற்கு மேல் நின்றால் மறுபடி புரட்டத் தேவையில்லை. குப்புற இருக்கும்போது எடுத்த நல்ல ஏபிஜியை வைத்து நிறுத்தக் கூடாது. ப்ரோசேவாவில் ஒருவருக்குச் சராசரியாக நான்கு முறை தேவைப்பட்டது. பலமுறை செய்தும் விகிதம் மோசமாகிக்கொண்டே போனால், எக்மோ (உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி) வசதியுள்ள மையத்தோடு அப்போதே பேச வேண்டும்.

குப்புற இருக்கும்போது இதயம் நின்றுவிட்டால்?

ஆட்கள் உடனே இருந்தால் திருப்புங்கள். இல்லையென்றால் காத்திருக்காமல் அப்படியே முதுகில் அழுத்தத் தொடங்குங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, கீழ் முனைகளின் மட்டத்தில் உள்ளங்கை அடிப்பாகத்தை வைத்து, வழக்கமான வேகத்தில். மின் அதிர்ச்சி தேவைப்பட்டால் பேடுகளை இரண்டு அக்குளிலும் ஒட்டியே கொடுக்கலாம். ஆர்ட்டீரியல் லைன் இருந்தால் அழுத்தம் பலிக்கிறதா என்பதை அதிலேயே பார்க்கலாம்.

டியூப் போடாத, விழித்திருக்கும் நோயாளிக்கும் இது உதவுமா?

கோவிட் காலத்தில், அதிவேக ஆக்சிஜனில் இருந்தவர்களைத் தாமாகவே குப்புறப் படுக்கச் சொன்னதில் டியூப் போடும் தேவை குறைந்தது. ஆனால் மூச்சு வாங்கித் திணறுபவருக்கு இதைச் சொல்லிக்கொண்டே டியூப் போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

உறவினர்களிடம் என்ன சொல்வது?

பார்க்க விடுவதற்கு முன்பே சொல்லுங்கள்: முகம் வீங்கியிருக்கும், கண் திறக்க முடியாத அளவுக்குக்கூட, நீர் கீழ்ப்பக்கம் இறங்குவதால் வருவது, மல்லாக்கத் திருப்பிய பிறகு நாள்போக்கில் வடிந்துவிடும். மூச்சு முட்டாது, மூச்சுக்கு டியூப் இருக்கிறது. ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருக்கிறோம். நாளை இத்தனை மணிக்குத் திருப்புவோம் என்று நேரத்தையும் சொல்லுங்கள். கட்டிலருகே ஒரு நாற்காலி போட்டு, லைன் இல்லாத கை எது என்று காட்டினால் அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம்.